உறுதி சரி, மண் சரியா?

கேள்வி: நாங்கள் தோட்ட லயத்தில் வாழ்ந்த குடும்பம். பிள்ளைகள் கொழும்பில் உழைத்துச் சேர்த்த காசில் வீடு கட்ட, பண்டாரவளைக்குப் பக்கத்துக் கிராமத்தில் 15 பேர்ச் காணி பார்த்திருக்கிறோம். சரிவான இடம், கீழே வீதி. "காணி உறுதிப் பத்திரம் கிளீன், நொத்தாரிசும் பார்த்துவிட்டார், இந்த வாரமே அட்வான்ஸ் கொடுங்கள்" என்று புரோக்கர் நெருக்குகிறார். வேறு என்ன பார்க்க வேண்டும்?
- ஒரு தாய், பண்டாரவளை

பதில்: இந்த வாரம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், அம்மா. உறுதி சரியாக இருந்தால் காணி உங்களுடையதாகும். அதில் வீடு கட்ட விடுவார்களா என்பது வேறு விஷயம். பதுளை, நுவரெலியா, கண்டி போன்ற மாவட்டங்களில் மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் கட்டிட அனுமதி கேட்டுப் பிரதேச சபைக்குப் போனால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கொண்டுவரச் சொல்வார்கள். கட்ட உகந்த இடமில்லை என்று அதில் வந்துவிட்டால், பிள்ளைகளின் காசு அந்தச் சரிவிலேயே முடங்கிப்போகும். ஆகவே விலை பேசும்போதே, விற்பவரைக் கொண்டு அந்த அறிக்கைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மறுத்தால், வேறு காணி பாருங்கள்.

2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது அபாயமான இடம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள்.

நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காணிக்குப் போங்கள். வீதியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பாமல் மேலே ஏறுங்கள். தரையில் பிறை போல வெடிப்பு இருக்கிறதா? மரமோ மின்கம்பமோ சாய்ந்திருக்கிறதா? பக்கத்து வீட்டுச் சுவரில் புது வெடிப்பு உண்டா? முன்பு இல்லாத இடத்தில் ஊற்றுக் கசிகிறதா, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கி வருகிறதா என்று அயலவர்களிடம் விசாரியுங்கள். மேலே தேயிலை மலை இருந்தால் அதன் தண்ணீர்க் கான்களையும் பாருங்கள். கான் தூர்ந்துபோயிருந்தால் மலைத் தண்ணீர் முழுக்க உங்கள் காணிக்குள்தான் இறங்கும்.

பெக்கோ இயந்திரம் போட்டு மட்டமாக்கிய காணி பார்க்க அழகாக இருக்கும். அங்கேதான் இன்னும் கவனம் வேண்டும். பின்னால் வெட்டிய மண் சுவர் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி நிரப்பியிருந்தால், அந்தப் பாதியை நம்பி அத்திவாரம் போட முடியாது. பின்னால் கட்ட வேண்டிய தாங்கு சுவருக்கு எவ்வளவு போகும் என்று ஒரு மேசன் பாஸிடம் கேட்டு, அதையும் காணி விலையோடு கூட்டிப் பாருங்கள்.

சரி, பத்திரங்களுக்கு வருவோம். 'பார்த்துவிட்ட' நொத்தாரிசு யாருடைய ஆள்? உங்களுக்கென்று ஒருவரை வைத்து, காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள். உறுதியில் 'பிரிபடாத பங்கு' என்று இருந்தால், நீங்கள் வாங்குவது அந்த 15 பேர்ச் அல்ல, முழுக்காணியில் ஒரு பங்குதான். அப்புறம் பாதை. நில அளவையாளரின் பிளானில் அது பாதை என்றே காட்டப்பட்டிருக்க வேண்டும். "எல்லாரும் போகிற பாதைதான்" என்ற வாய்ப்பேச்சு போதாது.

கேள்வி: ஜயபூமி அளிப்புப் பத்திரம் உள்ள காணியை வெள்ளைத் தாளில் எழுதி, கிராம சேவகர் கையெழுத்தோடு வாங்கலாமா?
- வாசகர், வெலிமடை

பதில்: வேண்டவே வேண்டாம். அது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணி. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. எந்தக் காணியானாலும், நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு முடித்த உறுதிதான் செல்லும். கிராம சேவகரின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. விற்பவரையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போங்கள். சம்மதக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.