விண்ட்ஹோக் குடிக்கும் தண்ணீர்: கேள்வி பதில்

கேள்வி: நமீபியாவின் தலைநகரான விண்ட்ஹோக்கில் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து குடிக்கிறார்களாமே, நிஜமா சார்?

பதில்: நிஜம்தான், அதுவும் 1968-லிருந்து. இப்போதுள்ள கோரெங்காப் சுத்திகரிப்பு நிலையம் 2002-ல் வந்தது. வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு முடிந்த தண்ணீர்தான் அதற்குள் நுழையும். அங்கே கிருமி கொல்லும் ஓசோன் வாயு, அழுக்கை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பன், நுண்சவ்வு வடிகட்டி, கடைசியில் குளோரின். ஒன்று கோட்டைவிட்டால் அடுத்தது பிடிக்கும். அப்புறமும் மற்ற தண்ணீரோடு கலந்துதான் குழாயில் விடுகிறார்கள். என்னைக் கேட்டால், இத்தனை எந்திரங்களையும்விடப் பெரிய வேலை, ஆலைக் கழிவை வீட்டுக் கழிவோடு சேரவிடாமல் தனியே பிரித்து அனுப்புவதுதான். அது கலந்துவிட்டால் மற்றதெல்லாம் வீண் செலவு.

கேள்வி: அணைகளே இல்லையா?

பதில்: மூன்று இருக்கின்றன: வான் பாக், ஸ்வாகோப்போர்ட், ஒமடாகோ. மூன்றுமே மழைக்கு மட்டும் ஓடும் ஆறுகளில் கட்டியவை. அங்கே திருடன் வெயில்தான். ஒமடாகோ அகலமாகப் பரந்த, ஆழமில்லாத அணை. விட்டுவைத்தால் தண்ணீர் ஆவியாகிவிடும். அதனால் வந்த தண்ணீரை ஆழமான வான் பாக்குக்கு பம்ப் செய்துவிடுகிறார்கள். இதற்குக் கரன்ட் செலவு உண்டு, ஆனாலும் லாபமே.

கேள்வி: மிச்சத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கி வைக்கலாமே?

பதில்: செய்கிறார்களே! நகருக்கு அடியில் வெடிப்பு விழுந்த குவார்ட்சைட் பாறை. அணை நீரைக் குடிநீர்த் தரத்துக்குச் சுத்தம் செய்து, ஆழ்துளைக் கிணறு வழியே அதற்குள் செலுத்துகிறார்கள். அங்கே வெயில் எட்டாது. கலங்கலாக விட்டால் வெடிப்புகள் அடைத்துக்கொள்ளும், நிலத்தடி நீரும் கெடும். முதலில் சுத்தம் செய்வது அதற்காகத்தான். 2016 வறட்சியில் அணைகள் கைவிட்டபோது நகரம் பெரிதும் சாய்ந்தது இந்த நிலத்தடி நீர் மேல்தான்.

கேள்வி: கடல் இருக்கிறது. உப்பை நீக்கிக் கொண்டுவரலாமே?

பதில்: கடற்கரைக்கு அது சரி, யுரேனியச் சுரங்கத்துக்காக 2010-ல் கட்டிய ஆலையே அங்கே இருக்கிறது. விண்ட்ஹோக் கடலிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் உள்ளே, 1,600 மீட்டருக்கும் மேலே. ஏற்றும் செலவை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஜனங்கள் என்ன செய்ய வேண்டியிருக்கிறது?

பதில்: அதிகம் செலவழித்தால் கட்டண விகிதமும் ஏறும். வறட்சியில் தோட்டத்துக்கு ஊற்றக் கட்டுப்பாடு வரும். நீச்சல் குளம் வைத்திருப்பவர் அதை மூடி வைத்தாக வேண்டும்.