ஆமைக் கணக்கு: கேட்டார்கள், சொன்னேன்

நான் ராயபுரத்துப் பழைய கணக்கு வாத்தியார். உயிரினங்கள் பெருகும் கணக்கை மட்டும் கேளுங்கள். வீட்டுக்குள் பாம்பு வந்தால் வனத்துறைக்குப் போன் போடுங்கள்.

தண்டையார்பேட்டை: சார், பங்குனி ஆமை 100 முட்டை போடுது. பாதி பொட்டைன்னு எக்செல்ல போட்டேன், பத்து தலைமுறையில கடலே கொள்ளல. எங்க தப்பு?

சாவை எங்கே எழுதினீர்கள் தம்பி? கட்டில்லாமல் பெருகினால் இரட்டித்துக்கொண்டே போகும் என்று இங்கிலாந்துப் பொருளியல் அறிஞர் மால்தஸ் 1798-லேயே சொல்லிவிட்டார். அதற்குக் கடிவாளம் போட்டவர் பெல்ஜியத்துக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட், 1838-ல்: இடம் நிரம்ப நிரம்ப வளர்ச்சி குறையும். இடம் 500-ஐத் தாங்கும், வளர்ச்சி வீதம் 0.5 என்று வைத்துப் பாருங்கள். இருப்பை வீதத்தாலும், காலி இடத்தின் பங்காலும் பெருக்குங்கள். 100 இருக்கும்போது 100 × 0.5 × 0.8, வருஷத்துக்கு 40 கூடும், 250-ல் 62, 450-ல் வெறும் 22. ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அந்த 500 கல்வெட்டு இல்லை. தீனி குறைந்தால் அதுவும் இறங்கும்.

வியாசர்பாடி: 500-ஐத் தொட்டதும் நின்னுடுமா?

எல்லா நேரமும் நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. அலாஸ்காவின் செயின்ட் மேத்யூ தீவில் 1944-ல் 29 துருவ மான்களை (ரெயின்டீர்) விட்டார்கள். 1963-ல் சுமார் 6000. தின்ன பாசியைத் தின்று தீர்த்தபின் கடுங்குளிர் வந்தது. 1966-ல் எண்ணினால் 42.

மணலி: எக்செல்ல போட்டா கோடிக்கணக்குல வருதே?

முதல் பதில்.

எண்ணூர்: முட்டையை எடுத்துப் பொரிப்பகத்துல வெக்கிறோம். ஆமை கூடுமா சார்?

நல்ல வேலைமா, விடாதீங்க. ஆனால் அது மட்டும் போதாது. 1987-ல் கிரவுஸ், கிரவுடர், காஸ்வெல் மூவரும் அமெரிக்காவின் பெருந்தலை ஆமைகளுக்கு வயதுக்கட்டம் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். முட்டையும் குஞ்சும் ஒன்றுகூடச் சாகாது என்று வைத்தும் எண்ணிக்கை சரிந்துகொண்டே இருந்தது. குஞ்சுப் பருவம் தாண்டிய ஆமைகளின், முக்கியமாகப் பெரிய இளம் ஆமைகளின் சாவைக் குறைத்தபோதுதான் கணக்கு ஏறியது. அவை சாவது பெரும்பாலும் மீன்பிடி வலையில். பெரிதாகி முட்டையிட வருஷக்கணக்கில் ஆகிற பிராணிக்கு இப்படித்தான். கொசுவுக்கு இதைப் போடாதீர்கள்.

காசிமேடு, லாஞ்சுக்காரர்: முட்டையத் திங்கிற நாய வுட்டுட்டு எங்க வலைக்கு வந்துட்டீங்களா வாத்யாரே?

அண்ணே, ஆயிரம் குஞ்சில் ஒன்று தேறும் என்பது எல்லாரும் சொல்கிற தோராயம். கூட்டுக்கு 100 முட்டை, எல்லாமே பொரிந்தாலும் பத்துக் கூடு சேர்ந்தால்தான் ஒரு பெரிய ஆமை. நாய் தின்பது கூட்டை. உங்கள் வலையில் மூச்சுக்கு மேலே வர முடியாமல் சாவது அந்தப் பத்துக் கூட்டின் பலன். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கினவே, கழுத்து வீங்கி, கண் பிதுங்கி. நாய் கடித்தால் கண் பிதுங்குமா?

காசிமேடு: 61 நாள் கடலுக்கே போறதில்லயே, அது பத்தாதா?

அந்த மீன்பிடித் தடை ஏப்ரல் 15-ல் ஆரம்பிக்கிறது. ஆமை ஜனவரியிலேயே வந்துவிடுகிறது. மீனுக்குச் சரி, ஆமைக்கு லேட்டு.

எண்ணூர்: வலையில ஆமைக்குக் கதவு வெக்கச் சொல்லுங்க சார்.

காசிமேடு: அந்தக் கதவு, டெட்டுன்னு (TED) சொல்றாங்களே, அத மாட்டுனா பெரிய மீனும் அதே வாசல்ல போய்டும். டீசல் காசு நீ குடுக்கிறியா?

நியாயம்தான், நஷ்டம் கொஞ்சம் இருக்கும். கம்பி இடுக்கில் இறால் உள்ளே போய்விடும், அகலமானது வெளியே போகும். எவ்வளவு போகிறது என்று யாராவது எண்ணிச் சொன்னால்தான் என் கணக்கில் போட முடியும்.

மாதவரம்: எக்செல்ல…

வேண்டாம்.

காசிமேடு: அப்ப நீயே வந்து எண்ணு வாத்யாரே. ராத்திரி ரெண்டு மணிக்குக் கெளம்புவோம்.

வருகிறேன். வாந்தி எடுத்தால் சிரிக்கக் கூடாது.