ஸ்டிக்கர் ஒட்டிய கீபோர்டில் சரளி வரிசை ஒத்துப்போகவில்லையா?

கர்நாடக இசை வகுப்பில் மகள் பாடும் சரளி வரிசை (தொடக்கப் பாடம்), வீட்டுக் கீபோர்டில் வாசித்தால் ஒத்துப்போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ரி, த இரண்டு ஸ்டிக்கரையும் கறுப்புக் கட்டைக்கு மாற்றுங்கள். வெள்ளைக் கட்டைகளில் மட்டும் ச ரி க ம ப த நி ஒட்டியதால்தான் மகள் வாசிப்பதும் வகுப்பில் பாடுவதும் ஒத்துப்போகவில்லை. அவள் விரலில் தப்பே இல்லை.

சரளி வரிசை வழக்கமாக மாயாமாளவகௌளை ராகத்தில் வரும். அது 15-வது மேளம் (தாய் ராகம்). அதில் ரி1, த1, அதாவது தாழ்ந்த ரி, தாழ்ந்த த. நீங்கள் ஒட்டியிருப்பது சங்கராபரணம், 29-வது மேளம். அதில் ரி2, த2, அதாவது அவற்றைவிட ஒரு கட்டை உயர்ந்தவை. புத்தகத்தில் வெறும் 'ரி' என்றே அச்சிட்டிருப்பதால் பலரும் இங்கேதான் சிக்குகிறார்கள்.

சரிபார்க்க, சி (C) கட்டையை ச என்று வையுங்கள். அதை ஒட்டிய கறுப்பு ரி. ப-வுக்கு வலப்பக்கம் ஒட்டிய கறுப்பு த. மற்றவை அப்படியே. மெதுவாக ஏறி இறங்கி வாசித்தால், ரி-யிலிருந்து க-வுக்கு ஒரு பெரிய தாவல் கேட்கும். மகளைக் கூடவே பாடச் சொல்லுங்கள், உடனே தெரிந்துவிடும்.

ஸ்வரம் சரியாகியும் சுருதி சேரவில்லை என்றால், வகுப்பில் எத்தனை கட்டை (இங்கே பாடும் சுருதியின் அளவு) என்று கேளுங்கள். 1 கட்டை என்றால் சி, 5 கட்டை என்றால் ஜி. கீபோர்டின் சுருதியை மொத்தமாக நகர்த்தும் டிரான்ஸ்போஸ் பொத்தானால் மாற்றிக்கொள்ளலாம், ஸ்டிக்கரைத் தொட வேண்டாம்.

ஒன்று மட்டும்: இந்த ஸ்டிக்கர் மலஹரி ராகத்தில் வரும் கீதம் (எளிய பாட்டு) வரை தாங்கும். மோகன ராகம் வந்தால் ரி2, த2, மறுபடி வெள்ளைக்கே போக வேண்டும். அதனால் இப்போதே நோட்டில் ரி1, த1 என்று எண்ணோடு எழுதப் பழக்குங்கள். அப்புறம் ஸ்டிக்கரே தேவைப்படாது.