மழலையர் ஆசிரியராக என்ன படிக்கலாம்?

கேள்வி: பி.எஸ்சி. உளவியல் முடித்த என் மகள், நர்சரிப் பள்ளி ஒன்றில் எல்.கே.ஜி. உதவி ஆசிரியையாகப் பணியாற்றுகிறாள். இந்த வேலையிலேயே நிலைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. உறவினர்களோ பி.எட். படிக்கச் சொல்கிறார்கள். எது சரி?
- வாசகி, பெரம்பூர்

பதில்: மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளோடுதான் இருக்கப்போகிறேன் என்று அவர் உறுதியாக இருந்தால், பி.எட். அவருக்கான படிப்பு அன்று. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, அது ஆறாம் வகுப்பு முதல் மேல் வகுப்புகளில் கற்பிப்போருக்காக வகுக்கப்பட்டது. அதிலுள்ள 20 வாரப் பள்ளிப் பயிற்சியும் பெரும்பாலும் அந்த வகுப்புகளில்தான் நடக்கும். தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணிக்கே பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மழலையர் வகுப்புக்கு உரியது, குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் நடத்தும் இரண்டாண்டு முன்பருவக் கல்விப் பட்டயப் படிப்பு. பிளஸ் டூ முடித்தவர்களுக்கான படிப்புதானே, பட்டதாரிப் பெண் அதில் சேருவதா என்ற தயக்கம் பல வீடுகளில் எழுகிறது. அந்தத் தயக்கத்தை விட்டுவிடுங்கள் என்று வலியுறுத்தியே சொல்கிறேன். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தை ஆங்கிலம் பேசும் வகுப்பில் வாரக்கணக்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், அது மந்தம் அன்று, புது மொழியைக் காது பழகிக்கொள்ளும் காலம் என்று அறிந்து, தமிழிலேயே பேச்சுக் கொடுக்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். விரல் தசைகள் வலுப்பெறாத பிள்ளையின் கையில் பென்சிலைத் திணிக்காமல், களிமண் பிசையவும் மணி கோக்கவும் விடத் தெரிய வேண்டும். எட்டு வயது வரை இயன்றவரை தாய்மொழி வழியே கற்பிக்கச் சொல்லும் 2022ஆம் ஆண்டின் அடிப்படை நிலைக் கலைத்திட்டச் சட்டகமும் (சிறு பிள்ளைகளுக்கு எதை, எப்படிக் கற்பிப்பது என்று கூறும் தேசிய வழிகாட்டி) விளையாட்டையே கற்றலின் மையமாக வைக்கிறது. உளவியல் பட்டம் இவற்றுக்கான காரணங்களை விளக்கும். பிள்ளைகளிடையே அவற்றைச் செய்யும் பழக்கம், இந்தப் பட்டயப் படிப்பின் வகுப்பறைப் பயிற்சியில் மூத்த ஆசிரியர் ஒருவர் உடனிருந்து திருத்தும்போதுதான் வரும்.

வேலையை விட முடியாவிட்டால், இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஓராண்டு அஞ்சல்வழிப் பட்டயப் படிப்பு அறிவை வளர்க்கும். ஆனால் இரண்டாண்டுப் பயிற்சிக்கு அதை மாற்றாகக் கருத வேண்டாம். பின்னாளில் ஆசிரியர்களுக்கே பயிற்சி தர விரும்பினால், கோவை அவினாசிலிங்கம் போன்ற நிறுவனங்களில் மனித மேம்பாட்டில் முதுகலை படிக்கலாம்.

கேள்வி: சில வாரங்களில் மாண்டிசோரி சான்றிதழ் தருவதாக விளம்பரங்கள் வருகின்றனவே, நம்பலாமா?
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: குழந்தை தானே செய்து கற்கும் முறையை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் என்பதால், சென்னையில் அந்தப் பெயருக்குத் தனி மதிப்பு உண்டு. அந்த முறையின் உயிர் குழந்தையைக் கூர்ந்து கவனிப்பதில் இருக்கிறது. கருவிகளை அடுக்கக் கற்றுக்கொள்வது மட்டும் போதாது. பணம் கட்டுவதற்கு முன், வகுப்பறையில் எத்தனை நாள் பயிற்சி, அதை மேற்பார்வையிடுபவர் யார், சான்றிதழை எந்தப் பள்ளிகள் ஏற்கின்றன என்ற மூன்றையும் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். தர மறுக்கும் இடத்தில் சேர வேண்டாம்.