எல்லா மாறிகளையும் சேர்த்துவிட்டால் போதுமா?

கேள்வி: இரண்டு சிகிச்சை முறைகளை மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டு ஒப்பிடும் முதுநிலை மாணவி நான். ஒப்பீட்டைத் திசைதிருப்பும் குழப்பக் காரணிகள் எவையென்று தெரியாததால், வயது, எடை என்று பதிவாகியுள்ள எல்லா மாறிகளையும் ரிக்ரெஷனில் (பல காரணிகளின் தாக்கத்தைப் பிரித்துக் கணக்கிடும் புள்ளியியல் முறையில்) சேர்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம். எதைச் சேர்ப்பது என்று மென்பொருள் சொல்லாது; மருத்துவர் எதைப் பார்த்து அந்தச் சிகிச்சையைத் தேர்ந்தார் என்று கேட்டால்தான் தெரியவரும்.

1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான சிறுநீரகக் கல் ஆய்வைப் பாருங்கள். திறந்த அறுவை சிகிச்சையில் 350 பேரில் 273 பேருக்கும் (78 சதவீதம்), தோல்வழித் துளையிட்டுக் கல்லை எடுக்கும் முறையில் 350 பேரில் 289 பேருக்கும் (83 சதவீதம்) பலன் கிடைத்தது. துளைமுறையே மேல் என்று தோன்றும். ஆனால் 2 செ.மீ.க்குக் குறைவான கற்களை மட்டும் பிரித்தெடுத்தால், திறந்த அறுவையில் 87 பேரில் 81, துளைமுறையில் 270 பேரில் 234. பெரிய கற்களில் முறையே 263 பேரில் 192, 80 பேரில் 55. சதவீதமாக்கினால் சிறிய கல்லில் 93, 87. பெரிய கல்லில் 73, 69. இரண்டிலுமே திறந்த அறுவைதான் முந்துகிறது! பெரிய கல் உள்ளவர்களில் பெரும்பாலோர் திறந்த அறுவைக்கே சென்றார்கள். பெரிய கல்லோ எந்த முறைக்கும் எளிதில் வசப்படுவதில்லை. இப்படிச் சிகிச்சைத் தேர்வையும் விளைவையும் ஒருசேரப் பாதிப்பதே குழப்பக் காரணி. இருமுறைகளிலும் கல் அளவின் விகிதம் 700 பேருக்கும் உள்ளபடியே இருந்ததாக வைத்துக் கணக்கிட்டால், திறந்த அறுவைக்கு 83, துளைமுறைக்கு 78 என்று எண்கள் அப்படியே இடம் மாறிவிடுகின்றன. இதை ஒருமுறை கையாலேயே போட்டுப் பாருங்கள், எந்தப் பாடநூலை விடவும் தெளிவாகப் புரியும்.

ஆகவே வயது, நோயின் தீவிரம் போன்று சிகிச்சைக்கு முன்பே இருந்து தேர்வையும் விளைவையும் பாதித்தவற்றைச் சேருங்கள். சிகிச்சைக்குப் பின் வந்த காய்ச்சலையும் படுக்கையில் இருந்த நாட்களையும் சேர்க்காதீர்கள். அவை சிகிச்சையின் விளைவாகவே இருக்கலாம். அப்படிச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: தாய் புகைப்பதால் குழந்தையின் எடை குறையலாம்; எடை குறைந்து பிறந்த குழந்தைகளை மட்டும் பிரித்துப் பார்த்த யெருஷால்மி என்ற ஆய்வாளரின் 1971ஆம் ஆண்டு ஆய்வில், புகைபிடித்த தாய்மாரின் குழந்தைகளிடையே இறப்பு குறைவாகத் தெரிந்தது. புகை அவர்களைக் காப்பாற்றவில்லை. புகைக்காத தாய்மாரின் குழந்தைகளுக்கு எடை குறைய, பிறவிக் குறைபாடு போன்ற கடுமையான வேறு காரணங்கள் இருந்திருக்கலாம்.

தரவைத் திறப்பதற்கு முன் உங்கள் துறை மருத்துவர்கள் இருவரிடமாவது அமர்ந்து பேசுங்கள். "இந்த உடம்பு தாங்காது" என்று நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் அவர்கள் எடுக்கும் முடிவு எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பதிவாகாததை எந்தப் புள்ளியியல் மாதிரியாலும் (model) நேரடியாகச் சரிசெய்ய முடியாது என்பதால், அதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.