ஐஸ் ஹாக்கியில் டிராஃப்டுக்கு (அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முன் ஓர் இளம் டிஃபென்ஸ்மேனின், அதாவது தடுப்பாட்டக்காரனின், நிறைகுறைகளை எப்படிக் கணிக்கிறார்கள்? கோல், அசிஸ்ட் (கோல் விழ உதவும் பாஸ்) எண்ணிக்கை போதாதா?

போதாது. முன்னால் நின்று கோல் அடிக்கும் ஃபார்வர்டு ஆடுபவனுக்கே அது பாதிக் கதைதான். டிஃபென்ஸ்மேனுக்குக் கால்வாசி தேறினால் அதிகம்.

நான் ஸ்கவுட் (அணிக்காகத் திறமையைத் தேடிப் போகிறவர்) இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடாவில் கிச்சனர் என்ற ஊரில் 11 வருடமாக இருக்கிறேன். இங்கே ரேஞ்சர்ஸ் என்ற ஜூனியர் அணி ஒண்டாரியோ ஹாக்கி லீக்கில் ஆடுகிறது. ஜனவரி மாத வெள்ளிக்கிழமை இரவில் இந்த ஊரில் வேறு என்ன செய்வது என்று தெரியாமல்தான் அரங்குக்குப் போக ஆரம்பித்தேன். மூன்றாவது வருடத்திலிருந்து மடியில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு 16, 17 வயதுப் பையன்களைப் பற்றிக் குறிப்பெடுக்கிறேன். அதில் அடித்துத் திருத்திய பக்கங்கள்தான் அதிகம். அந்த அடித்தல் திருத்தல்களை நம்பித்தான் இந்தப் பதில்.

புதியவர்களுக்காக: வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். டிராஃப்டில் 32 அணிகள், 7 சுற்றுகள், மொத்தம் 224 பேரை எடுப்பார்கள். அந்த வருடம் செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிரம்புகிறவர்கள்தான் முதல்முறை தகுதி பெறுவார்கள். அதாவது எடைபோடப்படுகிறவன் பெரும்பாலும் 17 வயதுப் பையன். தாடியே சரியாக முளைத்திருக்காது. அவன் 24 வயதில் எப்படி ஆடுவான் என்பதுதான் கேள்வி.

எண்ணிக்கை ஏன் ஏமாற்றும் என்பதற்கு 2017 டிராஃப்ட் நல்ல உதாரணம். கேல் மக்கார் ஆல்பர்ட்டா ஜூனியர் லீக்கில் புரூக்ஸ் அணிக்காக 54 ஆட்டங்களில் 75 புள்ளி எடுத்திருந்தார் (ஹாக்கியில் கோலுக்கு ஒன்று, அசிஸ்டுக்கு ஒன்று). மீரோ ஹெய்ஸ்கனென் பின்லாந்தின் முதல்நிலை லீக்கில் 37 ஆட்டங்களில் வெறும் 10 புள்ளி. ஆனால் டல்லஸ் ஹெய்ஸ்கனெனை 3-வதாக எடுத்தது. மக்கார் 4-வதாக கொலராடோவுக்குப் போனார். காரணம் எளிது. மக்கார் ஆடிய லீக் கனடாவின் பெரிய ஜூனியர் லீக்குகளுக்கு ஒரு படி கீழே. ஹெய்ஸ்கனென் 17 வயதில் மீசை வைத்த ஆண்களோடு ஆடினார். மக்கார் 2022-ல் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையும், சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் விருதும் வாங்கினார்; 2025-ல் நாரிஸ் மறுபடியும் கிடைத்தது. அதனால் டல்லஸ் தப்புச் செய்தது என்று சொல்ல மாட்டேன். இருவருமே பொன்தான். ஆனால் 75-ஐயும் 10-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் ஏமாந்திருப்பான்.

வயதையும் மாதக் கணக்கில் பார்க்க வேண்டும். மக்கார் பிறந்தது 1998 அக்டோபர் 30. டிராஃப்ட் நாளில் அவருக்கு 18 தாண்டி ஏறக்குறைய எட்டு மாதம். 2025-ல் நியூயார்க் ஐலாண்டர்ஸ் முதலாவதாக எடுத்த டிஃபென்ஸ்மேன் மேத்யூ ஷேஃபர் 2007 செப்டம்பர் 5-ல் பிறந்தவர். பத்து நாளுக்கு மேல் தள்ளிப் பிறந்திருந்தால் அடுத்த வருட டிராஃப்டுக்குப் போயிருப்பார். இருவருக்கும் பத்து மாத வித்தியாசம். நமக்குப் பத்து மாதம் ஒன்றுமில்லை. அந்த வயதில் அது தோள் அகலம், தொடை வலு, எல்லாம். ஷேஃபர் அந்தப் பருவத்தில் ஒண்டாரியோ லீக்கில் ஆடியது மொத்தமே 17 ஆட்டம். உலக ஜூனியர் போட்டியில் காறை எலும்பு முறிந்து உட்கார்ந்துவிட்டார். 17 ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒருவனை டிராஃப்டிலேயே முதலாவதாக எடுக்க முடிகிறது என்றால், பார்க்கிறவர்கள் ஸ்கோர் பலகையைப் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

பிறகு எதைப் பார்க்கிறார்கள்?

என்னைக் கேட்டால், பையன் பக்கைத் தொடுவதற்கு முந்தைய இரண்டு விநாடி. பக் என்பது அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை. எதிரணி அதை நம் எல்லையின் மூலைக்குள் அடித்துவிட்டு மாடு முட்ட வருவதுபோல் துரத்தி வரும். டிஃபென்ஸ்மேன் முதுகைக் காட்டிக்கொண்டு மூலைக்கு ஓடி அதை எடுக்க வேண்டும். பின்னால் 90 கிலோ ஒன்று வருவது காதில் கேட்கும். இங்கேதான் ஆள் யாரென்று தெரியும். நல்லவன் மூலைக்குப் போகும் வழியிலேயே ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பான், கிட்டப் போனதும் இன்னொரு முறை. அதற்குள் எவன் எந்தப் பக்கம் வருகிறான், தன் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது மண்டைக்குள் படமாகிவிடும். பக்கைத் தொடும்போது முடிவு எடுத்து முடிந்திருக்கும். தோளை இடப்பக்கம் சாய்த்துக் காட்டிவிட்டு வலப்பக்கம் போவான், அல்லது கேரம் காய் ரீபவுண்டு அடிப்பதுபோலச் சுவரில் தட்டி அந்தப் பக்கம் அனுப்புவான். திரும்பிப் பார்க்காதவன் பக்கைத் தொட்ட பிறகுதான் யோசிக்க ஆரம்பிப்பான். அதற்குள் முகம் சுற்றுச்சுவர்க் கண்ணாடியில் இருக்கும்.

நோட்டில் நான் இதற்கு ஒரு தனிப் பத்தி வைத்திருக்கிறேன். ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை மூலைக்குப் போனான், எத்தனை முறை திரும்பிப் பார்த்தான், பக் எத்தனை முறை சுத்தமாக வெளியே வந்தது. அவ்வளவுதான். மூன்று ஆட்டம் இப்படி எண்ணினால் போதும், பத்திரிகைத் தரவரிசை சொல்லாத விஷயம் ஒன்று கிடைக்கும்.

அடுத்தது இடைவெளி. கபடி பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பாடி வருபவன் உள்ளே வர வர, மூலையில் நிற்பவன் ஓரடி ஓரடியாகப் பின்வாங்குவான் இல்லையா? சீக்கிரம் பாய்ந்தால் தொட்டுவிட்டுப் போய்விடுவான்; ரொம்பப் பின்வாங்கினால் அவன் நினைத்த இடத்துக்கெல்லாம் வந்துவிடுவான். ஐஸ் ஹாக்கியில் அதையே பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு செய்ய வேண்டும், எதிரில் வருபவன் முழு வேகத்தில். ஒரு மட்டை நீளம், மிஞ்சிப்போனால் ஒன்றரை. அந்த இடைவெளியை விடாமல் வந்து, நம் எல்லை தொடங்கும் நீலக் கோட்டிலேயே அவனை முடிவெடுக்க வைப்பவன் நல்ல டிஃபென்ஸ்மேன். பயந்து கோட்டை விட்டுக்கொடுத்துவிட்டு கோல் வலை வரை ஓடுபவனும் ஜூனியரில் தப்பிப்பான், ஏனென்றால் எதிரில் வரும் 16 வயதுக்காரனுக்கு அந்த இடத்தை என்ன செய்வதென்று தெரியாது. என்.எச்.எல்-ல் தெரியும்.

இதோடு சேர்ந்தது இடுப்பு. பின்பக்கமாகப் போய்க்கொண்டிருப்பவன் முன்பக்கம் திரும்பி ஓட வேண்டிய கணம் ஒன்று வரும். முக்கால்வாசிப் பையன்களுக்கு ஒரு பக்கம் திரும்புவது எளிது, இன்னொரு பக்கம் கொஞ்சம் இழுக்கும். அந்த அரை விநாடி இழுப்பை எதிரணிப் பயிற்சியாளர் இரண்டாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். நான் கண்டுபிடிக்க ஒரு பருவம் ஆனது!

எப்போது பார்க்க வேண்டும் என்பதும் முக்கியம். ஆட்டத்தின் மூன்று பீரியடுகளில் (பகுதிகளில்) இரண்டாவதில் பாருங்கள். அணிகள் பக்கம் மாறிக்கொள்ளும், ஆனால் ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சு மாறாது. அதனால் நம் கோல் எல்லையிலிருந்து நம் பெஞ்சு தூரமாகிவிடும். வழக்கமாக நாற்பது, ஐம்பது விநாடிக்கு ஒருமுறை ஆள் மாற்றுவார்கள். இரண்டாம் பீரியடில் பக் உள்ளேயே மாட்டிக்கொண்டால் டிஃபென்ஸ்மேனால் மாறவே முடியாது. ஒன்றரை நிமிடம் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான். அப்போது சிலருக்கு முட்டி நிமிர்ந்துவிடும், மட்டை பனியைவிட்டு மேலே எழும், பக் போகும் திசையெல்லாம் கழுத்து போகும். சிலர் மட்டும் களைத்துப்போயும் தன் ஆளுக்கும் வலைக்கும் நடுவில் இருப்பார்கள். டிராஃப்டுக்கு முன் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பையன்களைச் சோதனை முகாமுக்குக் கூட்டி வைத்து 30 விநாடி சைக்கிள் மிதிக்க வைக்கிறார்கள், எம்பிக் குதிக்க வைக்கிறார்கள். பனியில் சறுக்கும் சோதனை ஒன்றுகூட இல்லை. அதைவிட இந்த ஒன்றரை நிமிடம் எனக்கு அதிகம் சொல்லும். அங்கே நடக்கும் நேர்காணல்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. 17 வயதுப் பையனுக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லிக்கொடுத்திருப்பார்.

இனி குறைகள். உண்மையில் சிக்கலே இங்கேதான். சாப்பாடும் ஜிம்மும் நாலு வருடமும் சரிசெய்யும் குறை ஒன்று: வலை முன்னால் தள்ளுமுள்ளில் தோற்பது, ஷாட்டில் வலு இல்லாதது. காலத்தால் சரியாகாத குறை இன்னொன்று: பார்க்காமல் ஆடுவது. கால் வேகம் இரண்டுக்கும் நடுவில். பையன்களை எடைபோட வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகையைப் பார்த்துப் பயந்துவிட்டு இரண்டாம் வகையை மன்னித்துவிடுகிறார்கள். நானும்தான்.

லேன் ஹட்சன் கதையைச் சொல்கிறேன். 2022 டிராஃப்ட். அமெரிக்கப் பையன், உயரம் 5 அடி 8 அங்குலத்தை ஒட்டி. எலும்பு இன்னும் வளர வாய்ப்பிருக்கிறது என்று டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு சோதனை முகாமுக்கு வந்தவர். வரன் பார்க்கப் போகிறவன் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு போவதுபோல! வீடியோவில் அவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு என் நோட்டில் எழுதியது அப்படியே இருக்கிறது: ‘அழகு. ஆனால் மேலே போனால் சுவரோடு அப்பிவிடுவார்கள்.’ 61 பேர் போன பிறகு மான்ட்ரியல் அவரை 62-வதாக எடுத்தது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதல் வருடமே 39 ஆட்டத்தில் 48 புள்ளி. அப்போதும் நான் மாறவில்லை, கல்லூரிதானே என்றேன். 2024–25-ல் என்.எச்.எல். முதல் முழுப் பருவம்: 82 ஆட்டம், 66 புள்ளி, அதில் 60 அசிஸ்ட். ஒரு புதுமுக டிஃபென்ஸ்மேன் எடுத்த அதிகபட்ச அசிஸ்ட் என்று 1980–81-லிருந்து லாரி மர்ஃபி பெயரில் இருந்த சாதனையைச் சமன் செய்தார். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதும் அவருக்கே.

நான் எங்கே தவறினேன்? அவரை இடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இடிக்கும்போது அவர் அங்கே இருப்பாரா என்று யோசிக்கவில்லை. அந்த வீடியோக்களை மறுபடி போட்டுப் பார்த்தால் எல்லாம் அதிலேயே இருக்கிறது: தலையை ஒரு பக்கம், இடுப்பை இன்னொரு பக்கம் காட்டி, துரத்துபவனை வெறுங்காற்றை இடிக்க வைக்கிறார். வலை முன்னால் பெரிய ஃபார்வர்டுகளிடம் இன்றும் தோற்கிறார்தான். அந்தக் குறை பொய்யில்லை. அதற்கு நான் போட்ட விலைதான் தப்பு.

எதிர்ப்பக்கம் 2012 டிராஃப்ட். முதல் 10 பேரில் 8 பேர் டிஃபென்ஸ்மேன்கள். 4-வதாகப் போன கிரிஃபின் ரைன்ஹார்ட் 6 அடி 4 அங்குலம், ஜூனியரில் அணித்தலைவர், பொறுப்பான ஆட்டம். என்.எச்.எல்-ல் மொத்தம் 37 ஆட்டத்தோடு முடிந்தது. ஜூனியரில் அந்த உடம்பே பாதி வேலையைச் செய்துவிடும். மேலே எல்லோருக்கும் உடம்பு இருக்கிறது, ஆட்டமும் வேகம். அதே டிராஃப்டில் 86-வதாகப் போன கோல்டன் பரேய்கோவை முந்தைய வருடம் யாருமே எடுக்கவில்லை. பின்னால் செயின்ட் லூயிஸ் 2019-ல் கோப்பை வென்றபோது அவர் அதன் தூண். 120-வதாக கரோலினா எடுத்த ஜேக்கப் ஸ்லாவின்தான் எனக்குப் பிடித்த உதாரணம். ஆளை இடிப்பதே அபூர்வம். மட்டையை நீட்டியே பக்கைத் திருடிவிடுவார். 2020–21-ல் 52 ஆட்டத்தில் விதிமீறலுக்காக அவர் வெளியே உட்கார்ந்த தண்டனை மொத்தமே 2 நிமிடம். இப்படிப்பட்டவனை நாலு நிமிட ஹைலைட் வீடியோவில் வைத்து எப்படிக் காட்டுவது? எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதானே அவன் வேலை.

வலதுகை மட்டைக்காரன் என்றால் மட்டும் தரவரிசையில் சில படி தானாக ஏறிவிடுவான். டிஃபென்ஸில் அவர்களுக்குத் தட்டுப்பாடு. அதற்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை.

இப்போது என் நோட்டில் ஒரு பையன் இருக்கிறான். வெளியூர் அணி, இடதுகை, 17 வயது, பெயர் வேண்டாம். மூன்று ஆட்டத்தில் 31 முறை மூலைக்குப் போனான். 26 முறை திரும்பிப் பார்த்தான். வலப்பக்கம் திரும்பும்போது இடுப்பு இழுக்கிறது. ஷாட் அடித்தால் கோல் காப்பவர் தேநீர் குடித்துக்கொண்டே பிடித்துவிடலாம். ஆட்டத்துக்கு அரைப் புள்ளிகூட எடுப்பதில்லை, எந்தப் பட்டியலிலும் முதல் 100-ல் இல்லை. நான் மூன்றாவது சுற்று என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். பிப்ரவரியில் அவன் அணி மறுபடி இங்கே வருகிறது. அந்த வலப்பக்கத் திருப்பத்தை அரங்கின் இன்னொரு மூலையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்; டிக்கெட் எடுத்தாயிற்று.