அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு ஆர்எக்ஸ் 8

கேள்வி: எனக்கு 29 வயது. உப்புவெளியில் பெற்றோருடன் இருக்கிறேன். திருகோணமலை நகரில் வங்கி வேலை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே மஸ்டா ஆர்எக்ஸ் 8 ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பைத்தியம். இப்போது தெஹிவளையில் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 2004ஆம் ஆண்டுக் கார், ஆறு கியர் மேனுவல், மீற்றரில் 82,000 கிலோமீற்றர். விற்பவர் மிகவும் நல்ல மனிதர். நான் போகும்போதே ஸ்டார்ட் செய்து ஏசி போட்டு வைத்திருந்தார். ஓட்டிப் பார்த்து, பேசி முடித்து நான் கிளம்பும்வரை ஓஃப் பண்ணவே இல்லை. சத்தம் அருமை, புகையும் இல்லை. அம்மாவை மாதாமாதம் கிளினிக்குக்குக் கூட்டிப்போகவும் உதவும். அப்பா இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் காலத்துக் கார்களைப் பற்றி அவருக்குத் தெரியாது என்பதால் இன்னும் சொல்லவில்லை. ட்ரெயினிங் என்று சொல்லிவிட்டுத்தான் கொழும்புக்குப் போனேன். சேமிப்பு முழுவதையும் போட்டு, மிச்சத்துக்கு ஸ்டாஃப் லோன் எடுக்கப் போகிறேன். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கேட்கிறார். இந்தக் காரை நம்பி வாங்கலாமா?

— வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, காரின் பெயர் கடிதத்துக்குக் கடிதம் மாறும். ஒருவர் சுபாரு என்பார், இன்னொருவர் லான்சர் எவலூஷன் என்பார். ‘வீட்டில் இன்னும் சொல்லவில்லை’ என்ற வரி மட்டும் மாறுவதில்லை. உம்முடைய கடிதத்தில் அது இன்னும் மோசமாக இருக்கிறது. உழைக்கிற காலமெல்லாம் பஸ்களுக்குக் கீழே படுத்து எஞ்சின் பார்த்த ஒருவர் உமது வீட்டு விறாந்தையிலேயே இருக்கிறார். அவருக்குத் தெரியாது என்று எழுதுகிறீர். தெரியாதவர் என்றால் அவரிடம் மறைப்பானேன்? ட்ரெயினிங் என்று பொய் சொல்லிவிட்டு ஏன் கொழும்புக்குப் போனீர்? அவர் கார்க்காரனிடம் என்ன கேட்பார் என்று உமக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கேள்விகளுக்குப் பயந்துதான் அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போனீர்.

அவர் கூட வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். முதலில் பொனற்றில் உள்ளங்கையை வைத்திருப்பார். சூடாக இருந்தால், “நாங்கள் வரமுதலே ஏன் ஸ்டார்ட் பண்ணினீங்கள்?” என்று கேட்டிருப்பார். காரை ஓட்டிவிட்டு வந்ததும் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லியிருப்பார். உமது கேள்விக்கான விடையில் பாதி அந்த ஒரு ஸ்டார்ட்டில் இருந்தது. நீர் அதைக் கேட்காமலே, ஏசி போட்டுத் தந்தாரே என்று நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்.

ஏன் என்று விளக்குகிறேன். ஆர்எக்ஸ் 8இன் எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. நீள்வட்டம் போன்ற ஒரு கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் ஒன்று சுற்றும். அப்படி இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றும் 654 சிசி. இதைத்தான் ரோட்டரி எஞ்சின் என்பார்கள். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் மெல்லிய சீல்கள் உண்டு. ஏபெக்ஸ் சீல் என்பார்கள். அவை கூட்டின் சுவரை உரசிக்கொண்டேதான் ஓடுகின்றன. அவை தேயத் தேய, உள்ளே சேர வேண்டிய அமுக்கம் கசியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒயில் தடிப்பாக இருந்து அந்தக் கசிவை ஓரளவு மறைத்துவிடும். சூடாகி ஒயில் மெலிந்தால் மறைக்க முடியாது. அதனால் சீல் தேய்ந்த ஆர்எக்ஸ் 8 காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், ஓடும்போது சத்தமும் இனிமையாக இருக்கும். சூட்டோடு நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. இந்தக் காரை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். உம்முடைய ஆளுக்கும் தெரிந்திருக்கும். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. காரை நிறுத்தாமல் வைத்திருக்க அவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம், அதைக் கேட்க உமக்குத் துணிவு இருக்கவில்லை.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் “பற்றறி கொஞ்சம் வீக்” என்பார்கள். சில வேளை உண்மையாகவும் இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் தளர்ந்தாலும் இதே கோளாறு வரும். ஆகவே பேச்சை நம்பாமல், உள்ளே சேரும் அமுக்கத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்ய வேண்டும். சாதாரண கராஜில் இருக்கும் மீற்றர் இதற்குச் சரிவராது. அது ரோட்டரின் மூன்று முகங்களில் நல்ல முகத்தின் அளவை மட்டும் பிடித்துக் காட்டும், பழுதான முகம் ஒளிந்துகொள்ளும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவி, ரோட்டருக்கு மூன்றாக ஆறு அளவுகளைத் தரும். மஸ்டாவின் கணக்குப்படி நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்தில் நல்ல எஞ்சினில் சதுர சென்ரிமீற்றருக்கு 8.5 கிலோ காட்ட வேண்டும். 6.9க்குக் கீழே போனால் எஞ்சினைக் கழற்றும் காலம் வந்துவிட்டது. ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 1.5க்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் வேண்டாம். அந்த ஆறு எண்களும் எழுதிய தாளைக் கையில் வாங்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்.

இந்த எஞ்சினைக் குறைவாகப் பேசவில்லை. 2003இல் உலகின் சிறந்த எஞ்சின் என்ற விருதை வாங்கியது இது. ஆனால் அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையான மாடல்களுக்கு எஞ்சின் உள்பாகங்களின் உத்தரவாதத்தை 8 வருடம் அல்லது 1,00,000 மைல் என்று மஸ்டாவே நீட்டிக் கொடுக்க வேண்டி வந்தது. 2009 மாடலில்தான் ஒவ்வொரு ரோட்டருக்கும் சீல்களை நனைக்க ஒயில் தெளிக்கும் குழாயை இரண்டிலிருந்து மூன்றாக்கினார்கள். நீர் பார்த்தது அந்த மாற்றத்துக்கு முந்திய கார்.

இந்த எஞ்சின் ஒயிலை எரிக்கும்படியே செய்யப்பட்டது. பெற்றோல் அடிக்கும் போதெல்லாம் ஒயில் பார்க்காதவர் கையில் இது பிழைக்காது. ஒயில் குறையவே இல்லை என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், தெளிக்கும் பம்ப் வேலை செய்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். உமது நீண்ட கடிதத்தில் ஒயில் என்ற சொல்லே இல்லை. பெற்றோலை எரிக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் கொயில் கடைசியாக எப்போது மாற்றியது என்றும் இல்லை. கொயில் பழுதானால் எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கட்டலிற்றிக் கொன்வேர்ட்டரை அடைக்கும். அது அடைத்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் சீல் போகும். புகை இல்லை என்கிறீர். ஏற்கெனவே சூடாக்கி வைத்த எஞ்சினில் புகை பார்ப்பதில் அர்த்தமில்லை. இரவு முழுக்க ஆறிய எஞ்சினைக் காலையில் உமது கண் முன்னே ஸ்டார்ட் பண்ண வேண்டும். அப்போது வெள்ளைப் புகை நின்று நிலைத்து வந்தால், ரேடியேற்றர் தண்ணீரும் குறைந்திருந்தால், உள்ளே தண்ணீரைத் தடுக்கும் சீல் போயிருக்கிறது.

82,000 என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. இருபது வருடம் கடந்த காருக்கு அது மிகக் குறைவு. மீற்றரைத் திருப்பியிருக்கலாம், அல்லது உண்மையாகவே குறுகிய ஓட்டங்கள் மட்டும் ஓடியிருக்கலாம். ரோட்டரிக்கு இரண்டாவதும் நல்லதல்ல, உள்ளே கரி படியும். ஜப்பானில் ஏலம் விட்டபோது காரின் நிலையை எழுதிய ஏலத் தாள் இருக்கிறதா, சர்வீஸ் பில்கள் இருக்கிறதா என்று கேளும். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம்வரை கார் இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய கார்கள் நல்ல விலைக்குக் கைமாறிக்கொண்டிருந்தன. எத்தனை கை மாறியது என்பதைக் காரின் பதிவுப் புத்தகத்தில் பாரும். எஞ்சின் இலக்கம் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்றும் பாரும், இந்தக் காரில் எஞ்சின் மாற்றுவது சகஜம். ஓப்பன் பேப்பர், அதாவது விற்பவர் தன் பெயருக்கு மாற்றாமல் பழைய சொந்தக்காரரின் கையெழுத்தோடு வைத்திருக்கும் கார் என்றால் தொடவே வேண்டாம், வங்கியில் வேலை செய்யும் உமக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

இனி உமது ஊருக்கு வருவோம். உப்புவெளியிலிருந்து நகரத்துக்குச் சில கிலோமீற்றர்தான். எஞ்சின் ஒழுங்காகச் சூடாக முதல் வங்கி வந்துவிடும். ஆறு கியர் ஆர்எக்ஸ் 8 நிமிடத்துக்கு 9,000 சுற்றுவரை போகப் பிறந்தது. நீர் அதை இரண்டாயிரத்தில் உருட்டுவீர். அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு வழிவிடக் காரை நாலடி நகர்த்தி உடனே ஓஃப் பண்ணினால், உள்ளே பெற்றோல் தேங்கி அடுத்த முறை ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். நீளமாக ஓடலாம் என்று கந்தளாய், ஹபரணைப் பக்கம் எடுத்தால் கார்களுக்கு மணிக்கு 70தான் எல்லை, இரவில் யானை நிற்கும் பாதை அது. அங்கே சூட்டில் நின்றுவிட்டால் யாருக்குப் போன் எடுப்பீர்? ரோட்டரி எஞ்சினைக் கழற்றிப் பூட்டக்கூடிய ஒருவரை திருகோணமலையில் கண்டுபிடித்து அவர் பெயரை எழுதி வைத்துவிட்டு அப்புறம் காரைப் பற்றி யோசியும். துருவையும் பார்க்க வேண்டும். இந்தக் காரில் பின்சில்லு வளைவும் கதவுக்குக் கீழுள்ள தகடும் முதலில் அரிக்கும். தெஹிவளையும் கடலோரம், உப்புவெளியும் கடலோரம். ஜாக்கி போட்டுத் தூக்கி, படுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் படுத்துப் பார்க்கத் தெரிந்தவரை வீட்டில் விட்டுவிட்டுத்தான் நீர் போனீர்.

அம்மாவின் கிளினிக்கை இதற்குள் இழுக்க வேண்டாம். அந்தக் காரில் முன்கதவைத் திறந்தால்தான் பின்கதவு திறக்கும். இருக்கை நிலத்தோடு கிடக்கிறது. வருத்தக்கார அம்மாவை அதில் ஏற்றி இறக்குவது எப்படி என்று நீர் யோசித்துப் பார்க்கவேயில்லை. உமக்கு ஆசை, அதனால் வாங்குகிறீர். உழைக்கிற பிள்ளைக்கு ஆசை இருப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த ஆசைக்கு அம்மாவின் நோயைச் சாட்டாகச் சொல்வதுதான் எனக்குக் கோபம்.

29 வயதில் கார் வாங்க அப்பாவிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் பெற்றோரோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, சேமிப்பு முழுவதையும் போட்டுக் கடனும் எடுக்கும் காரியத்தை அவர்களுக்கு மறைப்பது பிழை. நாளைக்கு அம்மாவுக்கு அவசரமாகக் காசு தேவைப்பட்டால் உமது கணக்கு வெறுமையாக இருப்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரியவரும். அவர்களை அந்த நிலையில் நிறுத்தும் உரிமை எந்தப் பிள்ளைக்கும் இல்லை. காரின் விலைக்கு மேலே, எஞ்சினைத் திறந்து சீல் மாற்றுவதற்கான காசும் தனியாக இருந்தால்தான் இந்தக் காரை வாங்கலாம் என்பது என் கட்டாயமான கருத்து. சேமிப்பு முழுவதையும் விற்பவரிடம் கொடுத்துவிட்டு ஸ்டாஃப் லோனும் எடுத்தால், அந்தக் காசு எங்கிருந்து வரும்?

இன்னொன்று. உமது அப்பா ரோட்டரி எஞ்சினை வாழ்நாளில் திறந்திருக்க மாட்டார். அதனால் என்ன? ஆறிய எஞ்சினின் சத்தம் தெரிந்தவருக்கு, ஒயிலை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தவருக்கு, பொய் சொல்லும் சொந்தக்காரன் எங்கே பார்வையைத் திருப்புவான் என்று தெரிந்தவருக்கு, அந்தக் காரின் முன்னால் நிற்க முழுத் தகுதி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்கு அந்தக் காரின் மேல் ஆசை இல்லை. உமக்கு இல்லாததும் இந்த வேலைக்கு மிகவும் தேவையானதும் அதுதான்.

வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். விற்பவருக்கு இன்றே போன் எடுத்து, ஒரு சனிக்கிழமை காலை வருகிறேன், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம், கம்ப்ரஷன் டெஸ்ட் செலவு என்னுடையது என்று சொல்லும். மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடும். சம்மதித்தால் அப்பாவிடம் போய், ட்ரெயினிங் என்று சொன்னது பொய் என்பதை முதலில் சொல்லும். ஏசுவார், கேட்டுக்கொண்டு நில்லும். பிறகு காரைப் பற்றிச் சொல்லி, கூட வரச் சொல்லிக் கேளும். டெஸ்டின் ஆறு எண்களையும் அவர் கையில் கொடும். அவர் வேண்டாம் என்றால் காரணத்தைக் கேட்டுக்கொண்டு அந்தக் காரை விட்டுவிடும். வாங்கு என்றால், எஞ்சினுக்கான காசைத் தனியாகச் சேர்த்து முடித்த பிறகு வாங்கும். அதுவரை அந்தக் கார் தெஹிவளையில் நிற்காவிட்டால் வேறொன்று வரும்.